வலப்பக்கத்துப் பேச்சு

பதினோரு மணிக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று முகாம் ஆபீஸ்காரி வந்து சொல்லிவிட்டுப் போனது நேற்றுக் காலையில். அப்போது பிடித்து சம்பூர்ணத்துக்கு வேறு நினைப்பே இல்லை. அப்படி ஒன்றும் பெரிய பயணமில்லை. சி வரிசையில் தரைக்கடியில் கழிவுக்குழாய் எங்கேயோ உடைந்துவிட்டதாம், தோண்டப் போகிறார்களாம், அதனால் இந்த வரிசை வண்டிகளெல்லாம் கடைசி வரிசைக்குப் போய் நாலு நாள் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். பொடிநடையாகப் போனால் பத்து நிமிஷம். மணிக்கு ஐந்து மைலுக்கு மேல் போகக் கூடாது என்று மூலைக்கு மூலை பலகை நட்டிருக்கிறார்கள். இதற்குப் போய் அவள் ஒன்பதே முக்காலுக்கே முன் சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே அரிசோனா பாலைவனம் தன்பாட்டுக்கு வெளுத்துக் கிடந்தது. கூழாங்கல் கொட்டிய தரை, அதன்மேல் சிலர் விரித்திருக்கும் பச்சைக் கம்பளம், கம்பளத்தின்மேல் நாற்காலி, நாற்காலியில் எழுபதைத் தாண்டிய ஒருவர். வரிசைக்கு வரிசை இதேதான். வடக்கே பனி கொட்ட ஆரம்பித்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு, இன்னொரு வீட்டைச் சக்கரத்தின்மேல் ஓட்டிக்கொண்டு வந்து, மார்ச் வரைக்கும் வெயில் காய்ந்துவிட்டுத் திரும்புகிற ஜனங்கள். அவளும் புருஷனும் மிச்சிகனிலிருந்து வருவது இது ஏழாவது குளிர்காலம். முதல் வருஷம் இந்த முப்பத்திரண்டு அடி வண்டியைப் பார்த்து, இதையா இந்த மனுஷன் ஓட்டப் போகிறார் என்று பயந்தாள். ஓட்டினார். ராஜா மாதிரி ஓட்டினார். அப்போது பயந்ததெல்லாம் ஒரு பயமா என்று இப்போது தோன்றியது. அந்தப் பயத்தைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள்.

வெளியே சென்னியப்பன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். முதலில் மின்சார வயர், அப்புறம் தண்ணீர்க் குழாய், கடைசியில் கையுறை போட்டுக்கொண்டு கழிவுக்குழாய். வரிசை மாறாது. முப்பத்திநாலு வருஷம் கார்க் கம்பெனியில் பிரேக் பிரிவில் இருந்தவர். எதையும் ஒரு தரம் செய்து, தட்டிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்ததற்குப் போவார். தட்டிப் பார்த்து. தடவிப் பார்த்து. அவர் இப்போதெல்லாம் அதிகம் தடவுகிறார் என்பதை அவள் கவனித்துக்கொண்டுதானே இருக்கிறாள். வயரின் முனையைக் கையாலேயே தேடுகிறார். படியில் ஏறும்போது கால் ஒரு தரம் காற்றில் துழாவுகிறது. ஆனால் அதெல்லாம் எழுபத்துமூன்று வயசுக்கு யாருக்கும் வருவதுதான், வேயினுக்குக்கூட வந்திருக்கிறது, வேயின் போன வாரம் தன் வண்டிக் கதவிலேயே முட்டிக்கொண்டு நெற்றியில் பிளாஸ்திரியோடு பிங்கோ ஆட வந்தான். அடுத்த வண்டிக்காரன், கனடாக்காரன், நல்ல மனுஷன். அவனுக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும் முட்டிக்கொண்டான். முட்டிக்கொள்கிறவர்களுக்கெல்லாம் கண் போய்விட்டதென்று ஆகுமா? இப்படித்தான் அவள் மனசு ஒரு சமாதானத்தைக் கண்டுபிடித்து, அதைக் கொஞ்ச நேரம் பிடித்துத் தொங்கி, கை வலித்ததும் விட்டுவிடும். விட்டதும் அந்தப் பாதி வீடு வந்துவிடும்.

பாதி வீடு வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், இங்கிருந்து ஊர் திரும்பும்போது, டெக்சாஸில். வலப்பக்கம் ஒரு பெரிய லாரி, அதன்மேல் ஜன்னல், கதவு, கூரையோடு ஒரு வீட்டின் பாதி. இங்கே வீட்டை இரண்டாக அறுத்து லாரியில் ஏற்றி எடுத்துப்போவார்கள். அவள் அதையே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். பார்க்கப் பார்க்க அந்த வீடு பக்கத்தில் வந்தது. அடுப்படி ஜன்னலில் ஒட்டியிருந்த காகிதத்தின் எழுத்துகூடத் தெரிந்தது. வீடு வரவில்லை, தங்கள் வண்டிதான் வீட்டைப் பார்த்துப் போகிறது என்று அவளுக்கு உறைப்பதற்குள் வாய் தானாகப் பேசிவிட்டது: "ஏனுங்க, இந்த லாரிக்காரன் பாதி ஊட்டையே தூக்கிட்டுப் போறானுங்களே!" சும்மா சொன்னதுதான். கத்தக்கூட இல்லை. ஸ்டீரிங்கில் அவர் கை வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பியது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரானது. ஒரு மைல் போன பிற்பாடு, "ஆமா, பாதி ஊடு" என்றார். அவ்வளவுதான். ஒரு ஆள் கண்ணில் படவில்லை என்றால் சரி. ஒரு சைக்கிள் படவில்லை என்றால் சரி. ஒரு வீடே படவில்லை. அன்றைக்கு அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் பத்து நிமிஷம் கழித்து வலப்பக்கம் ஒரு வேன் வந்தபோது, "இந்த வேனுக்கு நீலப் பெயிண்டு நல்லாவே இல்லீங்க" என்றாள். அவர் விலகி ஓட்டினார். அப்படித்தான் ஆரம்பித்தது.

அன்றிலிருந்து அவள் பேசிக்கொண்டேயிருக்கிறாள். போக இரண்டாயிரம் மைல், வர இரண்டாயிரம் மைல். கோழி ஏற்றிய லாரி, குதிரை ஏற்றிய வண்டி, மோட்டார் சைக்கிளில் தாடிக்காரன், சாலையோரம் டயர் மாற்றுகிற குடும்பம், வலப்பக்கம் எது வந்தாலும் அவள் வாயிலிருந்து ஒரு பேச்சு வரும். 'வலப்பக்கம் லாரி' என்று சொல்லிவிட்டால் சுலபம், இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். ஆனால் அப்படிச் சொன்னால் 'உங்களுக்குத் தெரியவில்லை' என்று சொன்னதாகிவிடுமே. அதனால் லாரியின் நிறத்தைப் பற்றி, டிரைவரின் தொப்பியைப் பற்றி, எதற்காக இந்த மனுஷன் இவ்வளவு வைக்கோலை வெயிலில் கொண்டுபோகிறான் என்பதைப் பற்றி. வாயாடி என்ற பெயர் அவளுக்குப் பிறந்த வீட்டிலும் கிடையாது, புகுந்த வீட்டிலும் கிடையாது. கோபிச்செட்டிபாளையத்தில் அவள் கல்யாணமான புதிதில், மருமகளுக்கு வாய் உண்டா என்று சொந்தக்காரர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். இப்போது இந்த முகாமே அவர்களைப் பார்த்துக் கண் வைக்கிறது. வேயினின் பெண்டாட்டி கேரல் போன மாதம் துணி துவைக்கிற இடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், நானும் வேயினும் இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு வருவோம், ஒரு வார்த்தை இருக்காது, நீங்கள் மளிகை வாங்கப் போனால்கூட உள்ளே பேசிக்கொண்டே போகிறீர்கள், இந்த வயசில் பேச உங்களுக்கு என்னதான் இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள் என்று. சம்பூர்ணம் சிரித்து வைத்தாள். அன்றைக்குத் துணி உலர்த்துகிற இயந்திரத்தின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தபோது, தன் வலப்பக்கம் ஒரு கிழவர் கூடையோடு வருவதைக் கண்டு, "பாவம், எத்தனை துணி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பக்கத்து நாற்காலியில் சென்னியப்பன் இல்லை. யாருமே இல்லை. அலுப்பு என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள். உடம்பு அலுத்தால் படுத்துக்கொள்ளலாம். நாக்கை எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பது?

பேசுவதுகூடப் பரவாயில்லை. ஒரு சொல்லைத் தவிர்த்துப் பேசுவதுதான் கொல்கிறது. தமிழில் எதற்கெடுத்தாலும் பார் என்று வருகிறதே, அதை யார் வைத்தார்களோ. குழம்பில் உப்புப் பாருங்க. சட்டையைப் போட்டுப் பாருங்க. யோசிச்சுப் பாருங்க. பல்லுக்கு டாக்டரைப் பாருங்க. வெளியே கிளம்பினால் பாத்துப் போங்க. நாற்பத்தாறு வருஷம் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பாள், அப்போது அது ஒரு சொல்லாகவே காதில் விழுந்ததில்லை. இப்போது வாய்க்குள் வந்ததும் முள் மாதிரி நிற்கிறது. போன வியாழக்கிழமை எல்லோரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்பு சாதம் செய்தாள். கரண்டியில் எடுத்து நீட்டி, "உப்பு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். "உப்பு என்ன?" என்றார் அவர். "உப்பு போதுமுங்களா?" என்றாள். அவர் அவளையே நோக்கினார், இல்லை, அவள் இருக்கிற பக்கம் நோக்கினார், "போதும்" என்றார். பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லையாம், பலகாரத் தட்டு நீட்டின கையை மட்டும்தான் பார்த்தாராம், பின்னால் சொல்லிச் சிரிப்பார். அப்போது இரண்டு கண்ணும் இருந்தது, பார்க்கவில்லை. இதை நினைத்ததும் அவள் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். இந்தக் கணக்கெல்லாம் இப்போது எதற்கு?

டாக்டர் கொடுத்த காகிதத்தை அவள் பார்த்துவிட்டாள், அது அவருக்குத் தெரியாது. டெக்சாஸ் தாண்டி ஊர் திரும்பின கையோடு கண் ஆஸ்பத்திரிக்கு அவர் தனியாகத்தான் போய்வந்தார். கேட்டதற்கு, "வயசுக்கு உண்டானதுதான், சொட்டு மருந்து குடுத்திருக்கறாங்க" என்றார். சொட்டு மருந்தைத் தேடப்போனபோது டிராயரில் அந்தக் காகிதம் இருந்தது. இரண்டு வட்டம், ஒன்று வலக்கண், ஒன்று இடக்கண். வலக்கண் வட்டத்தில் முக்கால்வாசி கரியைப் பூசியது போலக் கறுப்பு. இடக்கண் வட்டம் வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தது. அந்த வெள்ளை வட்டத்தைத்தான் அவள் இந்த இரண்டு வருஷமும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கண் முழுசாக இருக்கிறதே. ஒற்றைக் கண்ணோடு உலகத்தில் எத்தனையோ பேர் வண்டி ஓட்டுகிறார்கள். வலப்பக்கத்துக்கு நான் இருக்கிறேன், இடப்பக்கத்துக்கு அவர் இருக்கிறார், இரண்டு பேருக்குமாகச் சேர்த்து மூன்று நல்ல கண் இருக்கிறது, போதாதா? பாஸ்டனிலிருந்து மகள் மேகலா போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாள், "அம்மா, உண்மையச் சொல்லு, அப்பா நல்லா ஓட்டறாங்களா?" "அவருக்கென்ன, ஜம்முனு ஓட்டறாரு" என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. இன்னும் ஐந்து வாரத்தில் மார்ச் வந்துவிடும். மறுபடி இரண்டாயிரம் மைல். அவள் ஒரு லாரியை விட்டுவிட்டால், அவள் ஒரு நிமிஷம் கண் அசந்தால், இருமினால், செத்துப்போவது அவர்கள் இரண்டு பேர் மட்டுமாக இருக்காது. பின் சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு யாராவது வருவார்கள். நேற்று ராத்திரி முழுக்க அவள் கண்ணுக்குள் அந்த யாரோ ஒருவரின் குழந்தை. அது அழக்கூட இல்லை, சும்மா ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டு வந்தது.

கதவு திறந்தது. கால் ஒரு தரம் காற்றில் துழாவி, படியைக் கண்டுபிடித்தது. "பெல்ட்டு போட்டாச்சா புள்ளே?" என்று கேட்டுக்கொண்டே சென்னியப்பன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"போட்டாச்சுங்க."

"கெளம்பலாமா?"

"கெளம்பலாமுங்க."

என்ஜின் உறுமியதும் அலமாரியில் டம்ளர்கள் கிலுகிலுவென்றன. அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. நல்ல எண்ணமில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும்? இது நெடுஞ்சாலை இல்லை. ஐந்து மைல் வேகம். மிஞ்சிப்போனால் ஒரு வேலிக் கம்பம், யாராவது வாசலில் நட்டுவைத்த ஒரு பிளாஸ்டிக் கொக்கு பொம்மை. அவருக்கு எவ்வளவு தெரிகிறது என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம் அவள் தெரிந்துகொள்ள வேண்டாமா? தெரிந்தால் மார்ச்சுக்கு ஒரு முடிவு எடுக்கலாம். இடித்தால் அவரே புரிந்துகொள்வார், அவள் சொல்ல வேண்டியிருக்காது. ஆக, அவரை இடிக்க விடுகிறாள். கட்டின புருஷனை, அவருக்கே தெரியாமல், பரீட்சைக்கு உட்கார வைக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே உதட்டைப் பல்லுக்குள் மடித்து அழுத்திக்கொண்டாள். வண்டி சி வரிசையை விட்டுத் திரும்பியது. வலப்பக்கம் குப்பைத் தொட்டிகள், நாலு. சொல்லவில்லை. தொட்டிகள் ஒரு முழம் விட்டு நகர்ந்து பின்னால் போயின. அது அதிர்ஷ்டமா, அவர் கண்ணா? ஒரு காடைக் கூட்டம் தலைக்கொண்டையை ஆட்டிக்கொண்டு குறுக்கே ஓடியது, முன்னாலேயே ஓடியதால் அவருக்கே தெரிந்தது, மெதுவாகப் போனார். டி வரிசை. வலப்பக்கம் ஒருத்தர் ஏணி வைத்து வண்டிக் கூரையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏணியின் கால் சாலையில் இருந்தது. ஏணியைப் பார்த்ததும் அவள் நாக்கு எழுந்து நின்றது. 'அந்தாளுக்கு இந்த வயசுல ஏணி வேணுமுங்களா' என்ற வாக்கியம் முழுசாகத் தயாராக வாய்க்குள் வந்துவிட்டது. விழுங்கினாள். கம்பம் இல்லையே இது, பொம்மை இல்லையே, மேலே ஆள் நிற்கிறாரே, பாவி, சொல்லித் தொலை. எத்தனை அடி இருக்கும்? முப்பது. இருபத்தைந்து. அவள் வாயைத் திறந்துவிட்டாள். ஆனால் குரல் வருவதற்குள் வண்டி வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, சாலை நடுவில் நின்றேவிட்டது.

ஏணி இன்னும் பதினைந்து அடியில் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்து நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ளே, பேசாம வர்றே?"

"சும்மாத்தானுங்க."

"சும்மா வந்தா எப்புடி? ஏதாச்சும் சொல்லிட்டு வா."

"என்னத்தைங்க சொல்றது?"

"எப்பவும் சொல்றதத்தான். வலப்பக்கத்துக்கு நீதான புள்ளே. நீ வாய மூடுனா எனக்கு அந்தப் பக்கமே இல்லாமப் போயிருது."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா? நான் வேணும்னேதான் பேசிட்டு வர்றேன்னு?"

"நாப்பத்தாறு வருசத்துல கோழி லாரியப் பத்தி எங்கிட்ட எப்பப் புள்ளே பேசியிருக்கறே?" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எனக்குத் தெரியாதுன்னு நீ நெனச்சுட்டு இருந்தே. இருந்துட்டுப் போகட்டும், நாமாச் சொல்லி எதுக்கு உன்னப் பயமுறுத்தறதுன்னு இருந்துட்டேன்."

பயமுறுத்துவதாம். அவள் என்னென்னவோ கேட்க நினைத்தாள். இரண்டு வருஷமாகப் படுத்த பாட்டையெல்லாம் சொல்ல நினைத்தாள். "எனக்கு வாய் வலிக்குதுங்க" என்பதுதான் வெளியே வந்தது. வந்ததும் அழுகை பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "என்னால முடியலீங்க, மார்ச்சு மாசம் என்னால பேசிட்டு வர முடியாதுங்க" என்று குழந்தை மாதிரி அழுதாள்.

அவர் என்ஜினை அணைத்தார். டம்ளர்களின் சத்தமும் நின்றது. பின்னால் வந்துகொண்டிருந்த வண்டியும் நின்று, அதிலிருந்து வேயின் இறங்கி வந்து, நெற்றிப் பிளாஸ்திரியோடு ஜன்னலில் எட்டிப்பார்த்து, எல்லாம் சரிதானே என்று கேட்டான். சென்னியப்பன் இங்கிலீஷில், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற தோரணையில் சொன்னார்: "எனக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, வேயின். இனிமேல் நான் ஓட்டுவது சரியில்லை. கடைசி வரிசை வரைக்கும் இதை ஓட்டித் தருவாயா?" தன்னிடம் ஒருநாளும் சொல்லாததை அவர் வாயால் அவள் முதல்முதலாகக் கேட்டது இப்படித்தான், அடுத்த வண்டிக்காரனிடம் சொல்லும்போது. கோபம் வர வேண்டும். வரவில்லை. மலையை இறக்கி வைத்தது போல இருந்தது. "வண்டிய இங்கயே ஆருக்காச்சும் வித்துப்போடலாம். ஊருக்கு பிளைட்டுல போயிரலாம்" என்று அவளிடம் தமிழில் சொல்லிவிட்டு, சீட்டுகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இடப்புற ஜன்னலோரம் உட்கார்ந்தார். வேயின் தன் வண்டியைக் கேரலிடம் விட்டுவிட்டு வந்து ஸ்டீரிங்கைப் பிடித்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. மெல்ல ஏதோ முனகிக்கொண்டே ஏணியைச் சுற்றி வண்டியை எடுத்தான்.

"நீ கண்ண மூடிட்டுச் சும்மா உக்காரு புள்ளே" என்றார் சென்னியப்பன் பின்னாலிருந்து. "இத்தன நாள் நீ சொன்னே. இந்தப் பக்கம் நான் சொல்லிட்டு வர்றேன்."

அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வலப்பக்கம் எது போனால் என்ன, வேயின் பார்த்துக்கொள்வான். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் வண்டி ஓடும்போது கண்ணை மூடுகிறாள். இமைக்குள் வெயில் சிவப்பாகத் தெரிந்தது. அவர் பேச்சு காதில் விழுந்துகொண்டேயிருந்தது. ஒருத்தி நாற்காலியைப் போட்டு வெயில் காய்கிறாள் என்றார். யாரோ எட்டுத் துண்டை வரிசையாகக் காயப்போட்டிருக்கிறார்கள் என்றார். பேசத் தெரியாத மனுஷன், தட்டுத் தடுமாறி, ஒரு விஷயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் யோசித்து யோசித்துப் பேசினார். அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது. இனிமேல் மேகலாவிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழந்தை அவள் ஜன்னலில் வராது. போகட்டும், ஒரு கண் போகட்டும், ஒரு கண்ணால் பேப்பர் படித்துக்கொண்டு, காப்பி குடித்துக்கொண்டு, இன்னும் பத்து வருஷம் இருக்கலாம்.

"அட, இங்க பாரு புள்ளே" என்றார் அவர், குரலில் ஒரு சந்தோஷத்தோடு. "இந்தக் கருப்பு நாய் கால நீட்டிட்டு என்னமாத் தூங்குது!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் திறந்து, வேயினைத் தாண்டி இடப்பக்கம் எட்டிப்பார்த்தாள். வாசல் அடுப்பின்மேல் மூடி வைக்கிற கறுப்புத் தார்ப்பாய் ஒன்று காற்றில் நழுவிக் கூழாங்கல்லில் விழுந்து கிடந்தது. அவர் ஜன்னலிலிருந்து நாலடி தூரம் இருக்கும். நாய் எதுவும் இல்லை. அவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுதா புள்ளே?"

"தெரியுதுங்க" என்றாள் சம்பூர்ணம். "நல்லாத் தூங்குதுங்க."